ஹெஸ்க் பாலத்தில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

கொரின் ஊரை விட்டுப் போகிறாள் என்பதைக் கேள்விப்பட்டபோது டேல் ஹாக்ஸ்டாட்டின் வாயில் எக் ரோல் இருந்தது. அவளேதான் சொன்னாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. லோர்னா வீட்டு நிலவறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

“தெற்க, டூசான்ல வேலை கெடச்சிருச்சு. மாசக் கடைசியில கெளம்புறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வர்றதுதான் கடைசி.”

“அடிப்பாவி,” என்றான் மெங். “பனிக்குப் பயந்து ஓடுறியா?”

“பனிக்குத்தான். உன் மூஞ்சிக்குன்னு சொன்னா நீ வருத்தப்படுவேன்னு பாக்குறேன்.”

லோர்னா கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தாள். அழுக்கே இல்லாத கண்ணாடி. “நல்ல வேலையா?”

“நல்ல வேலை. பெரிய ஆஸ்பத்திரி. எனக்குக் கீழ ஆறு பேரு.”

“அப்போ போ,” என்றாள் லோர்னா. “இங்க நீ அதட்டறதுக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டேலின் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். டேல் மென்று முடித்து விழுங்கினான்.

“நல்லது,” என்றான்.

பிறகு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. இன்னொரு எக் ரோலை எடுத்துக்கொண்டான். மெங்கின் மனைவி செய்தது. சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் டேலுக்கும் கொரினுக்கும் விவாகரத்து முடிந்திருந்தது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வக்கீல்களுக்கே அலுப்புத் தட்டுகிற மாதிரியான விவாகரத்து. வீடு அவனுக்கு, நாய் அவளுக்கு என்று பேசி முடித்தார்கள். பேச முடியாமல் போனது இந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான். யார் மேசையை விட்டு எழுந்துபோவது என்ற கேள்வி வந்தபோது இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு இருவருமே வந்து நின்றார்கள். லோர்னா வாசலில் நின்று இரண்டு கார்களையும் பார்த்தாள். “சரி, ரெண்டு பேரும் காலைத் தட்டிட்டு உள்ள வாங்க, சேறு,” என்றாள். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லோர்னா வாண்டஹே, ஓ கிளேர் என்ற அந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திக் குரல் கரகரத்துப் போனவள். அந்தக் குரலில்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசர்களாகவும், ஓநாய்களாகவும், சத்திரத்துக்காரிகளாகவும் பேசுவாள். கதை அவளுடையது. மலை, காடு, படை, மழை எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு மனிதர். அந்த மனிதர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார் என்று மூவரும் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நல்லது. சின்ன எண் விழுந்தால் லோர்னா சிரிப்பாள். பகடை சொன்னதை லோர்னா ஒருநாளும் மாற்றியதில்லை.

டேலுக்கு வேலை வீடுகளைச் சூடாக்கும் உலைகளைப் பழுது பார்ப்பது. பல வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் லோர்னா வீட்டு உலை நின்றுபோய் அவன் வந்தான். நிலவறையில் வரைபடங்களும் பகடைகளும் பரப்பிய மேசையைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்டான். “ஞாயித்துக்கெழம வா, தெரியும்,” என்றாள் லோர்னா. வந்தான். அன்று மேசையில் மெங் இருந்தான், மெங் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் கொரின்.

டேலை அன்றுவரை பார்த்தவர்கள் அவன் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசுவான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அவன் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட ஆள் பிரிண்டில். ஊர் ஊராகப் போய்ப் போலி லேகியம் விற்கும் குள்ளன். வாயைத் திறந்தால் மூட மாட்டான். முதல் நாளே, தன்னைத் தூக்கில் போடக் கூட்டிப்போகும் காவலனிடம் வழுக்கைக்கு மருந்து விற்றான். லோர்னா சிரித்துச் சிரித்து இருமினாள். கொரின் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டேலுக்கே அந்த வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. தன் வாய் வழியாக வேறு யாரோ பேசுகிறார்கள், தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம் என்றிருந்தது.

கொரினுடைய ஆள் நேரெதிர். ஹெஸ்க். கோடரிக்காரி. ஆறரை அடி. கேள்வி கேட்டால் “ம்” என்பாள், கோபம் வந்தால் “ம்ம்” என்பாள். வாரம் முழுக்க நோயாளிகளிடம் வாய் ஓயாமல் பேசுகிற கொரின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய்க்கு விடுமுறை விட்டாள். பிரிண்டில் ஹெஸ்க்கின் தோளில் ஏறி உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்துப் பேசினான். இரண்டு பேரும் சேர்ந்து மலைச்சரிவில் ஒரு வீடு கட்டினார்கள். அந்த வீடு கட்டி முடிவதற்குள் டேலும் கொரினும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் கொரின் அதை வேடிக்கையாகச் சொல்வாள். “நான் பிரிண்டிலைப் பாத்துத்தான் மயங்குனேன். வீட்டுக்கு வந்து பாத்தா டெலிவரில ஆளை மாத்திக் குடுத்துட்டாங்க.” விருந்தாளிகள் சிரிப்பார்கள், டேலும் சிரிப்பான். சில வருஷங்கள் கழித்து அதே வார்த்தைகளைச் சமையலறையில், யாரும் இல்லாதபோது சொன்னாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

விவாகரத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இந்த மேசையில் மட்டும்தான். அதுவும் அவர்கள் பேசவில்லை. பிரிண்டில் பேசினான், ஹெஸ்க் “ம்” என்றாள். பிரிண்டில் ஹெஸ்க்கின் காயத்துக்குக் கட்டுப் போட்டான். ஹெஸ்க் பிரிண்டிலைக் குளிரில் தன் கம்பளிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததும் டேலும் கொரினும் தத்தம் கார்களில் ஏறி வேறு வேறு திசையில் போனார்கள். மலைச்சரிவு வீடு மட்டும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை லோர்னா டேலுக்குப் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“கொரின் என்னைக் கூப்புட்டா. ஹெஸ்க் சாகணும்னு கேக்குறா.”

“ஓ.”

“விட்டுட்டுப் போனவளா இருக்க வேணாமாம். உங்களக் காப்பாத்திட்டு செத்துப்போனவளா இருக்கணுமாம். எனக்கு அது சரின்னு படுது. உனக்கு?”

“சரி.”

“டேல், ‘சரி’ன்னா சரியா, இல்ல ‘போனை வைக்கிறேன்’னு அர்த்தமா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “சரிதான்.”

“நல்லா வாயாடிக் கெடக்குற,” என்றாள் லோர்னா. பிறகு பேருந்துக்குள் திரும்பி, “டேய், அவன் ஷூவைக் குடு!” என்று கத்தினாள். போன் கட்டாகிவிட்டது.

அந்த வாரம் ஊரில் கடுங்குளிர். காலை முதல் மாலை வரை அழைப்புகள். வண்டியில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது டேல் ரேடியோவை நிறுத்திவிட்டு, பிரிண்டிலின் குரலில் பேசிப் பார்த்தான். செத்துக் கிடக்கும் ஹெஸ்க்கிடம் பிரிண்டில் என்ன சொல்வான்? முதலில் திட்டுவான். “ஏ எருமை, உன்னைத் தூக்கிட்டுப் போக ஆறு கழுதை வேணும், எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு,” என்பான். பிறகு தன் வாழ்நாளில் விற்ற மருந்தெல்லாம் பொய் என்று முதன்முதலாக ஒத்துக்கொள்வான். ஒன்றே ஒன்று உண்மையாக இருந்திருந்தால் இன்று போதும் என்பான். பிறகு, அவள் “ம்” சொல்லும் நேரம் வந்ததும் நிறுத்தி, காத்திருப்பான். சிவப்பு விளக்கில் நின்றபோது டேல் அந்த இடத்தைச் சொல்லிப் பார்த்தான். உள்ளே எதுவோ லேசாக அசைந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் விளக்கு பச்சையானது, அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லோர்னா மிளகாயும் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியை ஒரு பானை நிறைய வைத்திருந்தாள். பக்கத்தில் கடையில் வாங்கிய கேக். மெங் இரவுப் பணி முடித்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, தலைமுடி செங்குத்தாக நிற்க வந்து சேர்ந்தான். கொரின் எல்லாருக்கும் முன்பே வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். டேல் அதைப் பார்த்தான். சொல்லலாமா என்று நினைத்தான், அதற்குள் மெங் சொல்லிவிட்டான்.

ஆட்டம் தொடங்கியது. லோர்னா விளக்கைக் கொஞ்சம் குறைத்தாள்.

“பள்ளத்தாக்கு. கீழ ஆத்துச் சத்தம் கேக்குது, ஆறு தெரியல. குறுக்க கயித்துப் பாலம். பின்னாடி சாம்பல் படை. குதிரைங்க மூச்சு வெள்ளையா வருது. நீங்க மூணு பேரும் பாலத்துக்கு இந்தப் பக்கம். என்ன பண்றீங்க?”

மெங்குடைய ஆள் டோபின், ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழும் வைத்தியத் துறவி. நிஜத்தில் மெங் வேலை பார்ப்பது அவசரப் பிரிவில். “டோபின் ஏற்கெனவே பாலத்துக்கு நடுவுல ஓடிட்டிருக்கான்,” என்றான் மெங். “யாரும் அவனக் கேக்கல. அவனாவே ஓடுறான்.”

“பிரிண்டில்?”

“பிரிண்டில் ஹெஸ்க்கோட கையப் புடிச்சு இழுக்குறான்,” என்றான் டேல். குரல் மாறியது, கீச்சுக்குரல் வந்தது. “வாடி மலைமுழுங்கி! பாலம் என்னத் தாங்கும், டோபினத் தாங்கும், உன்னைத் தாங்குமான்னு எனக்கே சந்தேகம். அதனால நீ முன்னாடி போ. அறுந்தா எனக்குத் தெரியணும்ல!”

மெங் சிரித்தான். கொரின் சிரிக்கவில்லை. “ஹெஸ்க் பிரிண்டிலத் தூக்கிப் பாலத்துல வீசுறா. இந்தப் பக்கமே நிக்கிறா. கோடரிய எடுக்குறா.”

“தனியாவா?” என்றாள் லோர்னா. தெரிந்தேதான் கேட்டாள்.

“தனியா.”

“அறுபது பேரு வர்றாங்க. ஒருத்தியா நின்னு தாங்கறதுக்குப் பதினேழோ மேலயோ விழணும். இல்லன்னா சாய்ச்சுருவாங்க. உருட்டு.”

கொரின் பகடையை எடுத்தாள். ஒரு நொடி உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவள் விடைபெறுகிறாள் என்று டேலுக்குப் பட்டது. அவன் தன் பேச்சின் முதல் வரியை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டான்.

பகடை சில்லிப் பானையில் மோதி நின்றது. பத்தொன்பது.

“ஹெஸ்க் முதல் வரிசையப் பொளந்துட்டா,” என்றாள் லோர்னா. “குதிரைங்க மெரண்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுது. ரெண்டாவது வரிசை. உருட்டு.”

இருபது.

“அட!” என்று மெங் எழுந்தே விட்டான். “சாகக்கூட ஒனக்கு ராசியில்லயா?”

கொரின் சிரித்தாள். பகடையை மறுபடி எடுத்தாள். “சரி, மூணாவது வரிசை.”

பதினெட்டு. அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாலாவது முறை பதினேழு. விளிம்பில் நின்றது. பதினேழு என்றால் பதினேழுதான்.

“லோர்னா.” கொரின் குரலைத் தாழ்த்தினாள். “போதும், விட்டுரேன். எங்கிருந்தோ ஒரு அம்பு வந்து குத்துச்சுன்னு சொல்லேன்.”

“முடியாது.”

“நான்தான கேக்குறேன். என் ஆளு.”

“பகடை சொன்னத நான் மாத்துனா, அப்புறம் இத்தன வருஷம் இங்க நாம என்ன பண்ணிட்டிருந்தோம்?” லோர்னாவின் கரகரப்பு அதிகமாயிருந்தது. “அவங்க தலைவன் வர்றான். ஆளு பெருசு. இவனுக்கு நான் உருட்டறேன். நான் நல்லா உருட்டுனா ஹெஸ்க் முடிஞ்சா. சத்தியமா.”

உருட்டினாள். ஒன்று.

லோர்னா அந்தப் பகடையை முறைத்துப் பார்த்தாள், ஏதோ கடைசி இருக்கையில் குறும்பு செய்யும் பிள்ளையை முறைப்பது போல. கடைசியில் மூச்சை விட்டாள். “தலைவனோட குதிரைக்குக் கால் சறுக்குது. ரெண்டு பேரும் பள்ளத்துல போறாங்க. கத்துற சத்தம் ரொம்ப நேரம் கேக்குது. படை திரும்பி ஓடுது. ஹெஸ்க் நிக்கிறா. கன்னத்துல ஒரு கீறல்.”

“ஒரு கீறல்,” என்றாள் கொரின்.

“ஒரு கீறல்.”

மேலே குளிர்பதனப் பெட்டி ஓடும் சத்தம் கேட்டது. டோபின் பாலத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான் என்று மெங் மெதுவாகச் சொன்னான். லோர்னா தலையாட்டினாள். பிறகு, கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டாள். “ஹெஸ்க் என்ன பண்றா?”

கொரின் பகடையைத் தள்ளி வைத்தாள். “கோடரியப் புல்லுல தொடைக்கிறா. அப்புறம் இவங்ககிட்ட வர்றா.” நிறுத்தினாள். ஹெஸ்க்குக்கு வார்த்தைகள் பழக்கமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். “நான் தெற்க போறேன். அங்க எனக்கு வேலை இருக்கு. செத்துப்போயிருந்தா சுலபமா இருந்திருக்கும். சாகல. அதனால சொல்லிட்டுப் போறேன்.”

இத்தனை வருஷத்தில் ஹெஸ்க் இவ்வளவு பேசியதில்லை.

மெங் மூக்கை உறிஞ்சினான். டோபின் ஹெஸ்க்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுவதாகவும், கீறலுக்கு மருந்து போட முயன்று ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவதாகவும் சொன்னான். கொரினும் லோர்னாவும் ஈரக் கண்ணோடு சிரித்தார்கள்.

“பிரிண்டில்?” என்றாள் லோர்னா.

டேல் வாயைத் திறந்தான். எருமை, ஆறு கழுதை எல்லாம் தயாராக இருந்தன. அவை செத்துக் கிடப்பவளுக்கான வார்த்தைகள். எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள், வெட்டிய முடியோடு, அவனையே பார்த்துக்கொண்டு. பிரிண்டிலைத் தேடினான். எப்போதும் கூப்பிட்ட உடனே வருகிறவன், கூப்பிடாமலே வருகிறவன். அந்த இடம் காலியாகக் கிடந்தது. வீட்டிலும், வண்டியிலும், படுக்கையிலும் இருக்கும் அதே மரத்துப்போன அமைதி மெல்ல வந்து இந்த நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது.

“பிரிண்டில்...” என்றான். கீச்சுக்குரல் வரவில்லை. அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது. “பிரிண்டில் ஒண்ணும் சொல்லல.”

கொரின் முகம் மாறியது. கோபம் என்றால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

“அங்கயுமா, டேல்?” என்றாள். “அங்கயும் நீதானா?”

அவள் எழுந்தாள். மெங்கைக் கட்டிக்கொண்டாள், லோர்னாவைக் கட்டிக்கொண்டாள். கேக்கை யாரும் வெட்டியிருக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“போடா,” என்றாள் லோர்னா.

“என்ன சொல்றது?”

“எனக்கென்ன தெரியும்? நான் பஸ் ஓட்டுறவ. போ!”

வெளியே சாயங்கால வெளிச்சம் பனியில் நீலமாகக் கிடந்தது. கொரின் கார் கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டேல் கோட்டில்லாமல் வந்துவிட்டான். அந்தப் பக்கக் கண்ணாடியைச் சுரண்ட அவனிடம் எதுவும் இல்லை, அதனால் சும்மா நின்றான்.

“உள்ள போ. செத்துருவே,” என்றாள் அவள், சுரண்டுவதை நிறுத்தாமல்.

“செத்தா சொல்றதுக்கு வெச்சிருந்தேன்.”

“என்னது?”

“ஹெஸ்க் செத்தா சொல்றதுக்கு. வாரம் பூரா வண்டில சொல்லிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

கொரின் நிமிர்ந்தாள். “இப்ப சொல்லு.”

“அது செத்தவளுக்கு.”

அவள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. சிரிப்பு என்று அவனுக்குத் தோன்றியது, சரியாகத் தெரியவில்லை. அவள் காரின் மேல் சாய்ந்துகொண்டாள்.

“உங்கப்பா சாவுக்கு நீ எங்க இருந்தே, ஞாபகம் இருக்கா?” என்றாள். “இத நான் ஒருநாளும் கேட்டதில்ல. ஊரே வந்து என் கையக் குலுக்குச்சு. மகன் எங்க, மகன் எங்கன்னு கேட்டாங்க. ஹால் குளிருதுன்னு யாரோ சொன்னாங்களாம், நீ கீழ போயி உலையப் பழுது பாத்துக்கிட்டிருந்தே. எல்லாம் முடிஞ்சு பெட்டியத் தூக்கறப்பதான் மேல வந்தே. அன்னைக்குத்தான் நான் மனசுக்குள்ள கெளம்பிட்டேன்.”

டேல் காலடியில் கிடந்த பனியைப் பார்த்தான். “பெல்ட்டுதான் அறுந்திருந்துச்சு. உடனே மாத்திட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அங்கயே உக்காந்திருந்தேன்.”

“என்ன பண்ணிக்கிட்டு?”

“ஒண்ணும் பண்ணல. மேல நடக்குற சத்தம் கேட்டுச்சு. உன் செருப்புச் சத்தம் தனியாத் தெரிஞ்சுது. நீ கதவுக்கும் பெட்டிக்கும் நடுவுல போயிட்டுப் போயிட்டு வந்தே. மேல வரணும்னு நெனச்சேன். கால் எழும்பல. துக்கம்னு இல்ல. ஒண்ணுமே இல்ல, கொரின். இப்பவும் ஒண்ணுமே இல்ல. நீ போறேன்னு சொன்னே, நான் எக் ரோல் தின்னேன். எங்கிட்ட என்னமோ கெட்டுப் போயிருக்கு. எதுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல.”

அது பிரிண்டில் பேச்சில்லை. தட்டையாக, நடுவில் நின்று நின்று வந்தது. அவன் பற்கள் அடித்துக்கொண்டன. கொரின் சுரண்டியை வண்டிக்குள் எறிந்தாள். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள், நோயாளிக்குச் சுற்றுவது போல, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

“இத நீ எட்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியல அப்ப.”

“ஆமா. தெரிஞ்சிருக்காது.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “யார்கிட்டயாவது போய்ப் பாரு, டேல். டாக்டர்கிட்ட. மெங்கக் கேளு, அவனுக்கு ஆளுங்கள தெரியும். எனக்காக இல்ல. நான் போறேன்.”

“சரி.”

“‘சரி’ன்னா சரியா, இல்ல—”

“சரிதான். கேக்குறேன்.”

அவள் காரை எடுத்தாள். தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. அவன் உள்ளே போனபோது மெங் அவன் தட்டில் கேக் வைத்திருந்தான். லோர்னா கம்பளி ஒன்றை அவன் மேல் போட்டுவிட்டுச் சில்லியைச் சுடவைக்கப் போனாள். மூவரும் சாப்பிட்டார்கள். கை விரல்கள் சூடாகத் தொடங்கியதும் ஊசி ஊசியாகக் குத்தியது. டேல் மெங்கிடம் டாக்டரைப் பற்றிக் கேட்டான். மெங் கேலி எதுவும் செய்யாமல் ஒரு பெயரைச் சொன்னான்.

மாசக் கடைசியில் கொரின் டூசானுக்குப் போய்விட்டாள். டேல் டாக்டரிடம் போனான். முதல் தடவை பெரும்பாலும் சுவரில் மாட்டியிருந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவையும் அதே படகுதான், ஆனால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான். பெரிதாக எதுவும் மாறவில்லை. காலையில் எழுந்து உலைகளைப் பழுது பார்த்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவி பார்த்தான். மெங் மூலமாக அவளைப் பற்றிக் கேள்விப்பட்டான். நாய் அங்கே வெயிலில் தரையில் கால் வைக்க மாட்டேன் என்கிறதாம்.

பிரிண்டில் திரும்பி வரவில்லை. இரண்டு ஞாயிறு முயன்று பார்த்தார்கள். டேல் பேசினான், ஆனால் அது பிரிண்டில் மாதிரி பேசுகிற டேல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு லோர்னா வரைபடத்தைச் சுருட்டினாள். “இது போதும். புதுக் கதை. புது ஆளுங்க. மெங்கோட தம்பி பொண்டாட்டியும் வர்றா. ஆளுக்கொருத்தர யோசிச்சுட்டு வாங்க.”

மார்ச்சில் பனி கறுத்து உருகத் தொடங்கிய ஒரு மதியம் நால்வரும் உட்கார்ந்தார்கள். புதிதாக வந்த பெண் பெயர் பாஜே. கொஞ்சம் பயந்திருந்தாள். தன் ஆள் ஒரு கொள்ளைக்காரி என்று மெல்லிய குரலில் சொன்னாள். மெங் இந்த முறை இளவரசன். “இந்த மூஞ்சிக்கா?” என்றாள் லோர்னா. பிறகு டேலைப் பார்த்தாள்.

“படகோட்டி,” என்றான் டேல். “ஆத்துல ஆளுங்கள அக்கரைக்கு ஏத்திவிடுறவன். அதிகம் பேச மாட்டான்.”

“யோவ்,” என்றான் மெங், “உன்ன மாதிரியே ஒருத்தனா? நாங்க இங்க வர்றதே உன்ன மறக்கத்தான்.”

“ஆமா,” என்றான் டேல். “என்ன மாதிரியே.”

லோர்னா தலையை ஆட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினாள். ஆற்றங்கரை, மூடுபனி, பின்னால் நாய்கள் குரைக்கும் சத்தம். கொள்ளைக்காரியும் இளவரசனும் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். படகோட்டி துடுப்போடு உட்கார்ந்திருக்கிறான்.

பாஜே சுற்றிலும் பார்த்தாள். எப்படிப் பேசுவதென்று தெரியாமல் தன் சொந்தக் குரலிலேயே கேட்டாள். “எங்கள அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவீங்களா?”

எல்லோரும் டேலுக்காகக் காத்திருந்தார்கள். வார்த்தை வர நேரமானது. மெங் வாய் திறக்கப் பார்த்தான், லோர்னா மேசைக்கடியில் அவனை உதைத்தாள். டேல் தேடினான். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏதோ இருந்தது.

“ஏறுங்க,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நடுவுல உக்காருங்க. ஓரம் ஈரமா இருக்கும்,” என்றான்.